அடுப்புக்காரரின் வலது கை

எல்லாரும் சௌக்கியமா? முட்டி வலி, முதுகு வலி, இருமல் எல்லாம் அடங்கியிருக்கிறதா? மருந்தை வேளைக்குச் சாப்பிடுங்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள். அப்படியே வலது கையை ஒரு தடவை தடவிப் பாருங்கள். முடி இருக்கிறதா? இருந்தால் சந்தோஷம். என்னடா இது, நலம் விசாரிக்கிற சாக்கில் கை முடியை விசாரிக்கிறதே என்று நினைக்காதீர்கள். ஒரு மனிதர் இந்த முடியால் பட்ட பாட்டைக் கேட்டால் நீங்களும் தடவிப் பார்ப்பீர்கள்.

அவர் ஒரு பேக்கரியில் அடுப்படியில் நிற்கிறவர். அடுப்புக்காரர் என்றுதான் ஊரே கூப்பிடும். ஐம்பதைத் தாண்டியவர். வாயில்லாப் பூச்சி என்று சொல்ல முடியாது. வாய் உண்டு, வெளியே கிளம்பும்போது அதை வீட்டில் வைத்துவிட்டுப் போவார். வீட்டுக்குள் குழாயில் தண்ணீர் வராவிட்டால் நாட்டைத் திட்டுவார். சைக்கிள் பள்ளத்தில் இறங்கினால் வீட்டுக்கு வந்து நாட்டைத் திட்டுவார். ஆனால் வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு ஆள் கடையில் நின்று, “என்ன நாடோ” என்று உதட்டைப் பிதுக்கியபோது அவருக்கு முகம் சிவந்துவிட்டது. பெற்ற பிள்ளையை நாம் ரெண்டு போடுவோம், பக்கத்து வீட்டுக்காரர் கை ஓங்கினால் விடுவோமா? அந்த மாதிரி.

அந்தப் பேக்கரி அடுப்பு செங்கல் அடுப்பு. சூடு காட்டுகிற முள்ளெல்லாம் கிடையாது. தணலை ஒதுக்கிவிட்டு, வலது கையை முழங்கை வரை உள்ளே நீட்டி, தேசப்பாட்டின் முதல் அடியைப் பாட வேண்டும். அடி முடிவதற்குள் கையை இழுத்துக்கொண்டால் சூடு அதிகம். அடி முடிந்தும் கை சும்மா கிடந்தால் சூடு போதாது. பாட்டும் பொறுமையும் ஒன்றாக முடிந்தால் அதுதான் ரொட்டிப் பதம். அங்கே வேலை பழகினவர்கள் எல்லாரும் இப்படித்தான் பழகினார்கள். யாரோ ஒருவர் சினிமாப் பாட்டை வைத்துப் பார்த்தாராம், ரொட்டி கருகிவிட்டதாம்.

தினமும் பாட்டு, தினமும் அனல். அடுப்புக்காரரின் வலது கை வழித்துவிட்ட வாணலி மாதிரி மொழுமொழுவென்று இருந்தது. அதனால் ஒரு நஷ்டமும் இருக்கவில்லை, சிலிர்ப்பு நிலையம் வருகிற வரைக்கும்.

அரசாங்கத்துக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது. வாழ்க என்று வாயால் யார் வேண்டுமானாலும் சொல்லலாம். கண்ணீர்கூட வெங்காயத்தில் வந்துவிடும். உடம்பில் பொய் சொல்லாத இடம் எது? ஒரு குழு உட்கார்ந்து யோசித்து, கை முடி என்று கண்டுபிடித்தது. நாட்டின் மேல் பற்று இருந்தால் தேசப்பாட்டைக் கேட்டதும் புல்லரிக்க வேண்டும். ஆகவே தெருத் தெருவாக ஜனங்களைக் கூப்பிட்டு, வலது சட்டைக் கையைச் சுருட்டச் சொல்லி, பாட்டைப் போட்டு, பூதக்கண்ணாடியும் கோணமானியும் வைத்துப் பார்ப்பார்கள். முடி படுத்திருந்தால் பற்றின்மை. சாய்ந்திருந்தால் பற்று. நட்டுக்கொண்டு நின்றால் பெரும்பற்று. பற்றில்லாதவர்களை வடக்குக் கட்டடத்துக்கு அனுப்பிப் பற்று ஊட்டுவார்கள்.

எப்படி ஊட்டுவார்கள் என்று யாருக்கும் தெரியாது. அடுப்புக்காரரின் மச்சானுக்குத் தெரியும். மனைவியின் தம்பி, லாரி ஓட்டுகிறவர், பாதி ஊருக்குக் கேட்கிற மாதிரி சிரிப்பவர். அங்கே போய்விட்டு வந்தபோது அவருடைய கை முடி, புருவம், மீசை எல்லாம் முள்ளம்பன்றி மாதிரி நிமிர்ந்து நின்றன, படுக்கவே இல்லை. கதவு தட்டினால் எழுந்து நின்று சட்டைக் கையைச் சுருட்டிக்கொள்வார். “அங்க என்னடா பண்ணாங்க?” என்று அக்கா கேட்டால் ஒரே பதில்தான்: “நல்லா கவனிச்சுக்கிட்டாங்கக்கா.”

அந்த வருஷம் அடுப்புக்காரர் தெருவின் முறை வந்தது. கூப்பிட்டு அனுப்பிய அன்றிலிருந்து அவர் வலது கையைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய மனைவி தையல்காரி. வாயில் ஊசி வைத்துக்கொண்டே பேசுவாள், பேச்சும் அதே ஊசிதான்.

“எதுக்குப் பயப்படுறீங்க? திருடுனீங்களா, கொலை பண்ணீங்களா?”

“அதெல்லாம் பண்ணியிருந்தா வக்கீல் வச்சுக்கலாம். இதுக்கு யார வைக்கிறது?”

அவள் துணியில் போட்ட தையல் கோணிப்போயிருந்ததைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

சிலிர்ப்பு நிலையம் ஒரு பெரிய கூடம். ஜன்னல் எல்லாவற்றையும் பலகை அடித்து மூடியிருந்தார்கள். மின்விசிறி கிடையாது. காற்றில் வருகிற சிலிர்ப்பு அந்நியச் சிலிர்ப்பு என்பது விதி. ஜனங்கள் வேர்த்து ஒழுக, அதிகாரி மட்டும் முழுக்கைக் கோட்டு போட்டு, கழுத்து வரை பொத்தானும் போட்டிருந்தார்.

வரிசையில் முன்னால் நின்ற பூக்கடைக்காரி வெள்ளந்தியாகக் கேட்டுவிட்டாள். “ஏன் சார், உங்களுக்கெல்லாம் யாரு பாக்குறது?”

“ஊழியர்களுக்குச் சோதனை கிடையாதும்மா. எங்களுக்கு உள்ளுக்குள்ள சிலிர்க்கும்.”

அடுப்புக்காரர் முறை வந்தது. கையை நீட்டினார். அதிகாரி பூதக்கண்ணாடியை முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை ஓட்டினார். திரும்பவும் ஓட்டினார்.

“என்னய்யா இது, தரிசா கெடக்கு? ரோமம் எங்க?”

“போயிருச்சு சார்.”

“எங்க போச்சு?”

“அடுப்புல சார்.”

“சிலிர்க்கலேன்னு தெரிஞ்சிடும்னு சாட்சிய அழிச்சிருக்கீங்க. சவரமா, மெழுகா?”

“ஐயோ, மூஞ்சிக்கே வாரத்துக்கு ஒரு தரம்தான் சார்.” உண்மையைச் சொன்னால் விட்டுவிடுவார்கள் என்று நினைத்தார், பாவம். “சூடு பாக்குறதுக்குக் கைய விட்டுப் பாடுவேன் சார். தேசப்பாட்டுதான்.”

பூதக்கண்ணாடி அந்தரத்தில் நின்றது.

“தேசப்பாட்ட? அடுப்புக்குள்ளயா?”

“முதல் அடி மட்டும் சார்.”

“நிமிர்ந்து நின்னுதான பாடுவீங்க?”

“குனிஞ்சுதான் சார். நிமிர்ந்தா தல இடிக்கும்.”

“கை சுட்டா?”

“வெடுக்குன்னு இழுத்துக்குவேன் சார்.”

“பாதிப் பாட்டுல.” அதிகாரி கோணமானியை மேஜையில் வைத்தார். “நாட்ட நேசிக்கிறீங்களா இல்லையா?”

“நேசிக்கிறேன் சார். சமயத்துல கோவமும் வரும்.” வீட்டில் வைத்துவிட்டு வந்த வாய் எப்படியோ பின்னாலேயே வந்துவிட்டது. “பாசம் இருக்கிற எடத்துலதான சார் கோவம் வரும்.”

அதிகாரி கோபப்படவில்லை. உண்மையாகவே வருத்தப்பட்டார். “அப்படி ரெண்டும் கலந்து வச்சுக்கிட்டா நாங்க எப்படிய்யா அளக்கிறது? எங்ககிட்ட கோவத்துக்குக் கோணம் கெடையாது.”

“இடது கைல முடி இருக்கு சார்.”

“இடது கைச் சிலிர்ப்பு செல்லாது.”

கடைசியில் ஒரு தீர்ப்பு சொன்னார். முடி முளைக்கிற வரை அவகாசம். அதுவரை அடுப்புப் பக்கம் தலை வைத்துப் படுக்கக்கூடாது. வலது கை அரசாங்கப் பராமரிப்பில் இருக்கும். அது சுட்டாலோ, கீறினாலோ, சொறிந்தாலோ குற்றம். முளைத்ததும் மறுசோதனை. அதில் சிலிர்க்காவிட்டால் வடக்குக் கட்டடம்.

கைக்குத் தடவ அரசாங்கமே எண்ணெய் கொடுத்தது. தையல்காரி தினமும் புருஷன் கையை மடியில் வைத்துத் தேய்த்தாள்.

“தலைக்கு இவ்ளோ எண்ணெ வச்சிருந்தா இன்னேரம் சுருள் சுருளா இருந்திருக்கும். நாட்டு மானம் முடியில தொங்குதுன்னு சொல்வாங்களே, இதுதான் போல.”

“மெதுவாப் பேசுடி. செவுத்துக்குக் காது உண்டு.”

“காது இருந்தா இருக்கட்டும். கை இருந்தாத்தான் சோதனைல மாட்டும்.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரித்தபடியே ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தாள்.

பேக்கரியில் அவரைக் கல்லாப் பக்கம் உட்கார வைத்தார்கள். அடுப்பில் தேசப்பாட்டு பாடக்கூடாது என்று முதலாளி தடை போட்டார். புதிதாக நின்றவர் மனசுக்குள் பாடினார், பயத்தில் அவசரமாகப் பாடினார். ஒரு நாள் ரொட்டி வேகவில்லை, மறுநாள் கரி. ஒருநாள் அதிகாரியே வந்து பன் வாங்கிக் கடித்துப் பார்த்து, “இப்பல்லாம் ஏன் இப்படிக் கருகுது?” என்றார்.

“சட்டப்படி சுட்டது சார்,” என்றார் முதலாளி கை கட்டிக்கொண்டு.

நிலையத்திலிருந்து ஆள் வந்து வந்து கையைப் பார்த்துவிட்டுப் போவார். பூனை முடி மாதிரி முளைத்தது. மற்றவர்களுக்கு முளை விட்டால் சந்தோஷம், அடுப்புக்காரருக்கு ஒவ்வொரு முடியும் ஒரு முள். வீட்டில் ஒத்திகை பார்த்தார்கள். தையல்காரி தேசப்பாட்டை முணுமுணுப்பாள், அவர் கையையே முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒரு முடி அசையாது. முன்பெல்லாம் அடுப்புக்குள் பாடும்போது நெஞ்சுக்குள் என்னமோ செய்யும். இப்போது அந்தப் பாட்டைக் கேட்டாலே பல்லைப் பிடுங்கப்போகிறவர் காலடிச் சத்தம் மாதிரி இருந்தது.

“வரலம்மா. என்ன பண்ணாலும் வரல.”

மூலையில் உட்கார்ந்திருந்த மச்சான் அன்றைக்குத்தான் வாயைத் திறந்தார். “அத்தான், பாட்டக் கேக்காதீங்க.”

“பின்ன?”

“என்னைய நெனச்சுக்குங்க.”

அக்காவும் அத்தானும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. மீசை முடி ஒவ்வொன்றும் நிமிர்ந்து நின்றது.

மறுசோதனை நாள். அதே கூடம், அதே புழுக்கம். பாட்டைப் போட்டார்கள். அடுப்புக்காரர் மச்சானை நினைத்தார். பயம் வரத்தான் செய்தது. ஆனால் வேர்வையும் சேர்ந்து வந்தது. புது முடியெல்லாம் மழையில் நனைந்த புல் மாதிரி தோலோடு ஒட்டிக்கொண்டது. பாட்டு முடிந்தது. அதிகாரி பெருமூச்சு விட்டு, கைக்குட்டையால் அவர் கையை ஒற்றித் துடைத்தார், நல்ல மனுஷர் மாதிரி. பிறகு உதவியாளர் பக்கம் திரும்பித் தணிந்த குரலில் சொன்னார்.

“வடக்குக் கட்டடத்துல எடம் இருக்கான்னு பாருங்க.”

அவ்வளவுதான். காலிலிருந்து ஒரு குளிர் கிளம்பி உச்சிக்கு ஏறியது. வலது கையில் இருந்த முடியெல்லாம் ஒன்று விடாமல் எழுந்து நின்றது.

உதவியாளர்தான் பார்த்தார். “சார், நிக்குது சார். பெரும்பற்று சார்.”

“பாட்டு முடிஞ்சிருச்சேய்யா.”

“தாமதமா வந்திருக்கு சார்.”

அதிகாரி கோணமானியை வைத்தார். எடுத்தார். முகத்தில் ஒரு ஒளி. மாமரத்தடியில் உட்கார்ந்தவர் மேல் மாம்பழம் விழுந்த மாதிரி ஒரு ஒளி. கூடத்தைப் பார்த்து ஒரு சொற்பொழிவே ஆற்றிவிட்டார்.

“இத்தனை நாளா நாம வேலைய மாத்திச் செஞ்சிருக்கோம். பாட்டப் போட்டுட்டு சிலிர்ப்பு வருமா வருமான்னு காத்துக்கிட்டு இருந்தோம். சிலிர்ப்ப வரவழைக்கிற வசதி நம்ம கையிலயே இருந்திருக்கு. பாசத்துல நிமிர்ந்தாலும் ரோமம் ரோமம்தான். பயத்துல நிமிர்ந்தாலும் ரோமம் ரோமம்தான். பாசம் வரும், போகும். நம்ப முடியாது. பயம் அப்படி இல்ல, கூப்பிட்ட நேரத்துக்கு வரும். அரசாங்கத்துக்கு நேரம் முக்கியம்.”

எல்லாரும் கை தட்டினார்கள். அடுப்புக்காரரும் தட்டினார். தட்டியதில் ரோமத்துக்குச் சேதம் வரக்கூடாது என்று உதவியாளர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

தப்பித்தோம் என்று அவர் வீட்டுக்கு வந்தார். ஆனால் தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போகவில்லை. அவருடைய கையை முன்மாதிரிக் கை என்று அறிவித்தார்கள். நிலையம் நடத்துகிற பெருவிழாவில் மேடையில் உட்கார வைத்து, அந்தக் கையைப் பெரிதாக்கித் திரையில் காட்டப்போகிறார்களாம். ஒத்திகைக்கு வரச் சொன்னார்கள். ஒத்திகை இதுதான்: பாட்டு ஆரம்பிக்கும். அதிகாரி பின்னால் வந்து அவர் தோளில் கை வைப்பார். காதருகே குனிந்து ஒன்று சொல்வார். முடி நிற்கும்.

முதலில் “வடக்குக் கட்டடம்” என்று மட்டும் சொன்னார். ரெண்டு தடவை நின்றது. மூன்றாவது தடவை கொஞ்சம் சாய்ந்தது.

“பழகிடுச்சு உங்களுக்கு,” என்றார் அதிகாரி, வைத்தியர் மருந்தை மாற்றுகிற தோரணையில். “உங்க மச்சானைத் திரும்பக் கூப்பிடலாம்னு ஒரு யோசனை இருக்கு.”

நட்டுக்கொண்டு நின்றது.

“விழா அன்னிக்கு உங்க சம்சாரத்தப் பத்தி ஏதாவது சொல்றேன். இப்பவே சொல்லிட்டா வீணாப் போயிடும்.”

அன்றைக்கு அவர் வீட்டில் சாப்பிடவில்லை. தையல்காரி தட்டை நகர்த்தி வைத்தாள்.

“என்ன சொன்னான் அவன்?”

“ஒண்ணும் சொல்லல.”

“ஒண்ணும் சொல்லாததுக்கா இப்படி நிக்குது?” அவர் கையைப் பிடித்துத் தடவிப் படுக்க வைத்தாள். கையை எடுத்ததும் மறுபடி நின்றது.

விழா அன்று கூடம் நிரம்பி வழிந்தது. வாசலில் வரிசை, மேடையில் பூ. மேடை ஓரத்தில் கூடத்தைப் பெருக்குகிற அம்மா துடைப்பத்தோடு ஒதுங்கி நின்றாள். அவளை யாரும் கணக்கில் எடுத்ததில்லை. வயசானவள் என்று சோதனைக்குக்கூடக் கூப்பிட்டதில்லை. அடுப்புக்காரரைப் பார்த்து, “தண்ணி குடிச்சியா தம்பி? உதடு காஞ்சிருக்கு,” என்று மட்டும் கேட்டாள்.

விளக்கு எரிந்தது. திரையில் அவருடைய கை ஒரு காடு மாதிரி தெரிந்தது. பாட்டு ஆரம்பித்தது. அதிகாரியின் கை தோளில் விழுந்தது. மூச்சுக் காற்று காதில் பட்டது. என்ன சொல்லப்போகிறாரோ, தையல்காரி பேரை எடுக்கப்போகிறாரோ என்று அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

மின்சாரம் போய்விட்டது.

பாட்டு நடுவழியில் இழுத்துக்கொண்டு நின்றது. ஜன்னலெல்லாம் பலகை அடித்த கூடம், பட்டப்பகலில் குகை மாதிரி இருட்டு. தேசப்பாட்டு பாதியில் நின்றால் என்ன செய்ய வேண்டும் என்று விதியில் இல்லை. நிற்பதா, உட்காருவதா, சிலிர்ப்பதா? இத்தனை பேர் பயம் ஒரே அறையில் அடைபட்டால் அதற்கென்று ஒரு வாடை உண்டு, அடுப்புக்காரர் அன்றைக்குத்தான் முகர்ந்தார்.

அப்போது மேடை ஓரத்திலிருந்து ஒரு குரல் விட்ட இடத்திலிருந்து எடுத்தது. கரகரத்த குரல், சுருதியும் கிடையாது. பாதியில் விட்ட வேலையை முடித்து வைக்கிறவள் குரல். முதல் அடியை முடித்தது. நிற்கவில்லை. அதற்கு அப்புறமும் அந்தப் பாட்டு இருந்தது. நிலையத்தில் முதல் அடியை மட்டும் போட்டுப் போட்டு, மீதி இருப்பதே ஜனங்களுக்கு மறந்துபோயிருந்தது.

*அஞ்சி நிற்பவர் தோளில் கை வை,*
*அவரே என் நாடு என்று சொல்.*

அடுப்புக்காரர் இந்த அடியைக் கேட்டதே இல்லை. இருட்டில் இன்னும் ரெண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள், வாயைத் திறக்காமல் மூக்காலேயே. பிறகு பத்துப் பேர், பிறகு எங்கிருந்து வருகிறதென்றே தெரியாத ஒரு முனகல். குழாயில் வராத தண்ணீர், சைக்கிள் இறங்கின பள்ளம், மச்சானுடைய மீசை, எல்லாவற்றுக்கும் நடுவில் இப்படி ஒன்றும் இந்த நாட்டில்தான் இருந்திருக்கிறது. அவருடைய கையில், கழுத்தில், பிடரியில், எல்லா முடியும் மெல்ல எழுந்தது.

விளக்கு வந்தது. முனகல் அறுந்தது. எல்லா வாயும் மூடியிருந்தது. பெருக்குகிற அம்மா குனிந்து, விழாத குப்பையைப் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

“யாரு பாடினது?” என்றார் அதிகாரி. கூடமே கூரையைப் பார்த்தது. “அந்தப் பாட்டுக்கு மீதி கெடையாது. கேட்டவங்க கேக்கலேன்னு வச்சுக்குங்க.”

அப்புறம்தான் அவர் கண் திரையில் விழுந்தது. காடு முழுக்க நிமிர்ந்து நின்றது. அதிகாரி குனிந்தார். அவர் கை இன்னும் அடுப்புக்காரர் தோளில்தான் இருந்தது.

“நான் இன்னும் ஒண்ணும் சொல்லவே இல்லையே.”

“ஆமா சார்.”

“பின்ன எதுக்கு நிக்குது?”

அடுப்புக்காரர் காதில் மேடை ஓரத்துத் துடைப்பச் சத்தம் விழுந்தது. உண்மையைச் சொன்னால் அந்த அம்மா போவாள், தானும் போவார். போன தடவை பயத்தைப் பாசம் என்று அவர்களே எழுதிக்கொண்டார்கள். இந்தத் தடவை அவரே மாற்றிச் சொல்ல வேண்டியிருந்தது.

“இருட்டு சார். எனக்கு இருட்டுன்னா பயம்.”

அதிகாரி அவர் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு தோளைத் தட்டிக் கொடுத்தார்.

“பயம்தானே? ஒரு நிமிஷம் வேற ஏதோன்னு நெனச்சிட்டேன்.”

மறுநாள் காலையில் அவர் முதலாளியிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் நேரே அடுப்படிக்குப் போனார். தணலை ஒதுக்கினார். முழங்கை வரை கையை நீட்டினார். முடி பொசுங்கும் வாடை குப்பென்று வந்தது. தலையையும் முடிந்தவரை உள்ளே குனிந்து வைத்துக்கொண்டார், அடுப்புக்குள் பாடினால் வெளியே கேட்காது. முதல் அடி முடிந்தது. சுட்டது. கையை இழுக்கவில்லை. அடுத்த அடியையும் பாடி முடித்துவிட்டுத்தான் எடுத்தார். ரொட்டி அன்றைக்குப் பதமாக வந்தது.

கை சிவந்து கொப்புளித்திருந்தது. நிலையத்துக்குச் சொல்ல ‘விபத்து’ என்று ஒரு சொல்லைத் தயார் பண்ணி வைத்திருந்தார். நம்புவார்களா மாட்டார்களா, ஆள் வந்தால்தான் தெரியும். தையல்காரி களிம்பு தடவிக்கொண்டே புருஷனைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

“கை சரி. பிடரில நிக்குதே, அத என்ன பண்ணப் போறீங்க?”

அவர் பிடரியைத் தொட்டுப் பார்த்தார். காலையில் பாடினபோது எழுந்த முடி இன்னும் படுக்கவில்லை. அவள் அளவு நாடாவை எடுத்து அவர் கழுத்தைச் சுற்றினாள், உயரமான காலர் வைத்துத் தைக்க.

இப்போதும் அவர் வெயில் காலத்தில்கூடக் கழுத்து மூடிய சட்டைதான் போடுகிறார். கதவு தட்டுகிற சத்தம் கேட்டால் மச்சான் சட்டைக் கையைச் சுருட்டுகிறார், இவர் காலர் பொத்தானைப் போடுகிறார்.

சரி, நானே கதை அளந்துகொண்டிருக்கிறேன். உங்களுக்கு எப்போதாவது இப்படி, யாரும் தோளில் கை வைத்து மிரட்டாமல், தானாகச் சிலிர்த்ததுண்டா? எங்கே, எதைக் கேட்டு? ஒரு வரி எழுதிப் போடுங்கள், ஆசையாகப் படிப்பேன். யாராவது பக்கத்தில் நின்று கேட்டால் இருட்டுக்குப் பயம் என்று சொல்லிவிடுங்கள். எழுதும்போது சட்டைக் கையை மட்டும் கொஞ்சம் இறக்கி விட்டுக்கொள்ளுங்கள்.